பதினான்கு அண்டாவும் ஒரு கை உப்பும்

ஆகஸ்ட் 4, திங்கள்

கிழக்கே உதிக்கும் சூரியனையும், என் கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாயையும் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. கதை இன்னும் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐம்பத்தெட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு எதுவுமே நம்பும்படியாக நடந்தது கிடையாது.

வருங்காலச் சந்ததிக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் பூலோகபாண்டியன். கடம்பன்குளம் பஜாரில் 'பூலோகம் வாடகைப் பாத்திரக்கடை' என்னுடையது. பந்தல், நாற்காலி, மைக்செட், சமையல் எல்லாம் உண்டு. என் சாம்பார் வாசனைக்கு ஒருமுறை எக்ஸ்பிரஸ் ரயில் சிக்னல் இல்லாமலே நின்றது. டிரைவர் தூக்குவாளியோடு இறங்கி வந்தார். என் மனைவி இசக்கியம்மாள் இதை மறுக்கிறாள். நம் ஊருக்குத் தண்டவாளமே கிடையாதாம். அவளுக்கு எப்போதும் சின்னச் சின்ன விஷயம்தான் கண்ணில் படும்.

டைரி வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "மனுசங்ககிட்ட அளந்தது போதும். இனிமே இதுகிட்ட அளங்க. பாவம், இது எந்திரிச்சுப் போகாது."

இன்று காலை இன்ஸ்பெக்டர் எஸ்தர் கனகமணி கடைக்கே வந்தார். வியாழக்கிழமை காவல்துறை - பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம். டி.எஸ்.பி. வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். ஊர் ஜனங்கள் போலீஸைப் பார்த்து ஒதுங்கிப் போகாமல், கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச வேண்டுமாம். இருநூறு பேருக்குச் சாப்பாடு.

"நல்லுறவு நாக்கிலதான் தொடங்கும் மேடம், என்கிட்ட விட்டுருங்க" என்றேன்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன் அண்ணாச்சி. பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மியா பேசுங்க" என்றார். என் மேல் அவ்வளவு மரியாதை.

ஆகஸ்ட் 6, புதன்

நாள் முழுக்க அண்டா தேய்ப்பு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் பதினொரு பித்தளை அண்டாவும் பதினொரு சூரியன் மாதிரி நிற்கின்றன. பக்கத்துக் கடைக்காரர் கண் கூசிக் கதவைச் சாத்திவிட்டார்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் ஜனங்கள் வழக்கம். என் அண்டாக்களிலும் பேர் உண்டு. ஆனால் ஒன்றில்கூட என் பேர் இல்லை. மூடிப்போன கல்யாண மண்டபங்களிலும், பாகம் பிரித்த வீடுகளிலும் விலைக்கு எடுத்தவை. ஒன்றில் 'ராணி மஹால், பாம்பன்விளை'. ஒன்றில் 'மாரிக்கனி வகையறா உபயம்'. இன்னொன்றில் 'வேலம்மாள் பூப்பு நன்னீராட்டு விழா'. அதையெல்லாம் அழித்து என் பேரை வெட்டச் சொல்லி இசக்கி வருஷம் முழுக்கச் சொல்லுகிறாள். தோற்ற மன்னர்களின் கிரீடத்தில் ஜெயித்தவன் தன் பேரை எழுதிக்கொள்வானா?

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று கடம்பன்குளத்தின் பொன்னாள்.

கூட்டம், ஸ்டேஷனை ஒட்டிய சமுதாயக் கூடத்தில். நான் கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தேன். பத்து மணிக்கு ஒரே பரபரப்பு. அம்மன் கோவில் கொடை விழாவுக்கு வைத்திருந்த மூன்று அண்டாக்களைப் போன வாரம் எவனோ தூக்கிவிட்டான் அல்லவா? அவனை இன்று அதிகாலையில் பிடித்துவிட்டார்களாம், அண்டாக்களோடு. டி.எஸ்.பி. வருகிறார், பத்திரிகையும் இருக்கிறது, இங்கேயே காட்டிவிடலாம் என்று முடிவானது.

திருடனைப் பார்த்தேன். கை கால் எல்லாம் அளவோடு, கட்டுப் போடாமல் இருந்தன. இன்ஸ்பெக்டர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஸ்டேஷன் பாத்ரூம் வழுக்காது." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கூரையை இனி நான்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு நடுவில் முத்துக்குட்டி வந்தான். செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு 'கடம்பன்குளம் குடைச்சல்' என்று யூடியூப் நடத்துகிற பையன். என்னை மாமா என்பான்.

"மாமா, நல்லுறவுச் சாப்பாடுன்னு ஒரு பேட்டி. நீங்க சாம்பார்ல உப்பு போடுற மாதிரி ஆரம்பிக்கோம்."

உலகம் முழுக்கப் பார்க்கும் என்றான். அவன் கேட்ட கோணங்களில் எல்லாம் நின்று கொடுத்தேன். பேட்டி பிரமாதம். மேற்கொண்டு அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

அந்த நேரத்தில் 'பொதிகை முழக்கம்' நிருபர் கஸ்பார் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தோளில் கேமரா. "மூணு அண்டாவ வச்சு என்னய்யா படம் எடுக்க? ஃப்ரேம் காலியாக் கெடக்கு. இந்தா நிக்கில்லா வரிசையா, இதையும் கொண்டாங்கப்பா. நெறையட்டும்" என்று இரண்டு கான்ஸ்டபிள் பையன்களிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துட்டுப் போங்கல. இதுல மட்டும் சாம்பார் இருக்கு, சூடு, பாத்து."

"அஞ்சு நிமிசந்தான் அண்ணாச்சி."

என் பதினோரு அண்டாவும் அணிவகுத்துப் போயின. முன்னால் அண்டாக்கள், நடுவில் திருடன், பின்னால் டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர், ஓரமாக ஏட்டம்மா சுயம்புக்கனி. மீட்ட பொருளுக்கெல்லாம் பொறுப்பு அந்த ஏட்டம்மாதான். அவர் மட்டும் "இது எதுக்கு இங்க?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. அதற்குள் ஃப்ளாஷ் அடித்துவிட்டது. அண்டாக்கள் திரும்பி வந்தன. பந்தி ஆரம்பித்தது.

சாம்பாரைப் பற்றிச் சில விஷமிகள் ஏதோ முணுமுணுத்தார்கள். டி.எஸ்.பி. நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் இயல்பாகவே தாகமுள்ள மனிதர்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டோம்! மாவட்டப் பக்கத்தில் பாதிப் பக்கம். 'பலே அண்டா கும்பல் சிக்கியது: 14 அண்டாக்கள் மீட்பு.' படத்தில் என் அண்டாக்கள் ஜொலிக்கின்றன. ராணி மஹால் அண்டா முன்வரிசையில், எழுத்துக்கூடத் தெரிகிறது. சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

"பதினாலுன்னு போட்டுருக்கு. நம்மளுதயும் சேத்துல்லா எண்ணிருக்கான்?" என்றாள் இசக்கி.

"வரலாறு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் எண்ணும்."

முத்துக்குட்டியிடம் அந்தப் பேட்டியைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் சரியில்லை.

ரைஸ்மில் ஜெகவீரன் முதலாளி வீட்டில் ஆவணி முகூர்த்தத்துக்கு என்னைத்தான் சமையலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாவட்டமே திரளும் கல்யாணம். அவர் மேனேஜர் போன் செய்து, "நேத்து சாம்பார்ல உப்பு கூடன்னு பேசிக்கிடுதாவ, நெசமா?" என்றார். எதிரிகளின் சதி என்று விளக்கினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முத்துக்குட்டி ஒரு குண்டைப் போட்டிருக்கிறான். கோவில்காரர்கள் தங்கள் அண்டாவைத் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கில் இருப்பது மூன்றே மூன்று அண்டா. பேப்பரில் பதினான்கு. அவன் வீடியோ தலைப்பு: 'பதினோரு அண்டாவை விழுங்கியது யார்?' பின்னணியில் ஒரு பயங்கரமான மேளச் சத்தம். ஒன்றரை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இது என் கணக்கு அல்ல, அவன் கணக்கு.

சிரித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சிரிப்பு நின்றுவிட்டது.

விடிந்ததும் கடை முன்னால் ஒரு வேன். பாம்பன்விளை ராணி மஹால் வாரிசுகள். பேப்பரை நீட்டி, "இது எங்க அண்டா, எங்க பேரு. எங்கள்ட்ட கேக்காம எவன் வித்தான்?" என்றார்கள். பின்னாலேயே மாரிக்கனி வகையறா. அப்புறம் பூப்பெய்திய வேலம்மாளே வந்தார், பேரனைக் கூட்டிக்கொண்டு. மீட்கப்பட்ட பதினோரு அண்டாவும் ஸ்டேஷனிலிருந்து மறைந்து என் கடையில் இருப்பதாக ஊரே பேசுகிறது. என் அண்டா என் கடையில் இருப்பது குற்றமாகிவிட்டது!

இன்ஸ்பெக்டர் விளக்கம் கொடுத்தார்: அவை சமையல்காரர் பாத்திரங்கள், படத்துக்கு வந்துவிட்டன என்று. முத்துக்குட்டி வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். 'நல்லா சமைக்கிறீங்க மேடம்' என்று ஒருவன்.

கஸ்பாரைப் பஜாரில் பிடித்தேன். "நீருதானவே கொண்டாரச் சொன்னீரு?"

"நான் எங்க சொன்னேன் அண்ணாச்சி? படம் எடுத்தேன், அனுப்புனேன். அங்க ஆபீஸ்ல எண்ணிட்டாவ." வண்டியைத் திருப்பி, ஒருவழிப் பாதையில் எதிர்ப்புறமாகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஏட்டம்மா மேல்தான் விசாரணை. பொருளுக்குப் பொறுப்பு அவர் என்பதால். பூலோகபாண்டியன் இருக்கும்போது ஓர் அப்பாவி மேல் பழி விழலாமா? நானே போய் முத்துக்குட்டியின் நேரலையில் உட்கார்ந்தேன். உண்மையை, முழு உண்மையை, பட்டுக் கத்தரித்தாற்போல் சொன்னேன்.

"அந்தப் பதினொண்ணும் என் சொந்த அண்டா. ஏட்டம்மா தொட்டதுகூட இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறாள் இசக்கி. ஆனால் பேச்சில் ஒரு சூடு வந்துவிட்டது. ராணி மஹால் அண்டா பாண்டிய மன்னர் அரண்மனையில் பாயசம் காய்ச்சியது என்றும், ஒவ்வொன்றும் தன் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்றும் சொன்னேன். சும்மா ஒரு அழகுக்கு.

மாலைக்குள் என் முகத்துக்கு ஒட்டகக் காது வைத்த படம் ஒன்று ஊரெல்லாம் போனில் சுற்றுகிறது. 'இந்த ஆளு சாட்சின்னா, ஏட்டம்மா எடுத்தது உறுதி' என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் பிறந்ததிலிருந்து சொன்ன உண்மைகளில் இதுதான் பெரியது. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏட்டம்மா சஸ்பெண்ட்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, மைக்செட், கொடிக்கம்பத்துக்குச் சந்தனம், மிட்டாய் எல்லாம் இறக்கினேன். ஸ்டேஷனிலும் கொடியேற்றம். வழக்கமாகப் பெண் போலீஸ் வரிசைக்கு முன்னால் நின்று, கூரை அதிர 'சல்யூட்' சொல்லும் குரல் இல்லை. வேறு யாரோ சொன்னார்கள். கொடி ஏறிவிட்டது, ஆனால் ஏனோதானோவென்று.

பள்ளியில் மிட்டாய் வரிசையில் ஏட்டம்மா மகள் நின்றாள். ஏழாவது படிக்கிறாள். பின்னால் நின்ற பொடியன், "அண்டா ஏட்டு மகளே, ரெண்டு மிட்டாய் எடுத்துக்கோ, ஒண்ணக் கணக்குல காட்டு" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மிட்டாயை எடுக்காமல் போய்விட்டாள்.

மைக்செட்டில் கரகரப்பு. வயரை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

கரண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது ஏட்டம்மா கடைக்கு வந்தார். சேலையில். காக்கியில்லாமல் அடையாளம் தெரியவில்லை. இசக்கி நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். குடித்தார்.

"அண்ணாச்சி, ஒரு உதவி."

"உசுரையே கேளும் தாயி."

"எனக்காக யார்கிட்டயும் பேசாதீய. நீங்க வாயத் திறக்கத் திறக்க எனக்கு மெமோ வருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இருபத்திரெண்டு வருசம் சர்வீஸ் அண்ணாச்சி. புடிச்ச நகையில ஒரு குண்டுமணிகூட இந்தக் கைக்குப் போகல. ராத்திரி பொம்பளப் புள்ள தனியா வந்தா, 'சுயம்பு அக்கா இருக்காவளா'ன்னுதான் ஸ்டேஷன எட்டிப் பாக்கும். இப்பம் தெருவுல வாரேன், குழாயடியில நிக்கிற பொம்பள குடத்த இடுப்போட இறுக்கிப் புடிக்கா. வேடிக்கையாத்தான். ஆனாலும் புடிக்கா."

"உண்மை வெளிய வராமலா போகும்?"

"எந்த வழியா? உங்க வாயி வழியாவா?" எழுந்துவிட்டார். வாசலில் நின்று, "அந்தச் சாம்பார் அண்டா ஒண்ணு போதும் அண்ணாச்சி. ஆவி பறந்துகிட்டு இருந்துச்சு. களவு போன அண்டாவுல எவன் சாம்பார் வைப்பான்? நான் சொன்னா யாரு கேக்கா? ஒருத்தராவது படம் புடிச்சிருந்தா..." என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இசக்கி என்னையே பார்த்தாள். நான் கரண்டிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொசுத் தொல்லை. தூக்கம் இல்லை. கொசுதான் காரணம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெகவீரன் முதலாளி நேரிலேயே கூப்பிட்டார். சமையல் பட்டியல் பேசி முடித்தோம். கடைசியில், "பூலோகம், அந்த உப்பு விசயம் மட்டும் எனக்கு உறுத்துது. சம்பந்தி வீட்டுக்காரங்க நாக்கு அப்படி" என்றார். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று பக்கத்துத் தெரு தெய்வத்தின் மேல் செய்தேன்.

திரும்பும் வழியில் முத்துக்குட்டி வீட்டைக் கடந்தேன். சும்மாதான். எத்தனை தடவை கடந்தேன் என்பதை அவன் அம்மா வேண்டுமானால் எண்ணியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உள்ளேயே போய்விட்டேன்.

"மருமகனே, அந்தப் பேட்டி அழிச்சாச்சா?"

"எது, நீங்க உப்பு போட்டதா? இருக்கு மாமா. நீங்கதான வெளிச்சம் சரியில்லன்னீய."

"கடைசி வரைக்கும் இருக்கா?"

"நான் முன்னாடி ரெண்டு நிமிசந்தான் பாத்தேன். போன் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு."

போட்டான். இருவரும் பார்த்தோம். நான் வருகிறேன், கம்பீரமாக. அண்டா. ஆவி. முன்பக்கம் 'ராணி மஹால்' என்ற எழுத்து. நான் ஒரு கை உப்பை அள்ளி, ஆசீர்வாதம் செய்வதுபோல் போடுகிறேன். "மாமா, கை மறைச்சிட்டு, இன்னொரு தடவை" என்கிறது அவன் குரல். போடுகிறேன். "மாமா, லேசா சிரிச்சுக்கிட்டு, ஸ்லோமோஷன்ல" என்கிறது குரல். சிரித்துக்கொண்டு போடுகிறேன். அப்புறம் என் பேட்டி. பேட்டி நடுவில் கஸ்பார் குரல், கணீரென்று: "இதையும் கொண்டாங்கப்பா, நெறையட்டும்." கான்ஸ்டபிள் பையன்கள். 'சாம்பார் இருக்கு, சூடு' என்று நான். அண்டா சட்டகத்தை விட்டு ஆவியோடு ஊர்வலம் போகிறது.

முத்துக்குட்டி கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தான். பையனுக்கு இப்போதுதான் உறைத்தது. "மாமா, நாந்தான் பதினோரு அண்டா எங்கன்னு கேட்டேன். பதில் என் பாக்கெட்டுக்குள்ளயே இருந்திருக்கு." "முன்னாடி உப்ப மட்டும் வெட்டிட்டுப் போட்டுருவமா மாமா? உங்க பேரும் கெடாது."

இந்தப் பிரபஞ்சத்தின் மிக இனிமையான வார்த்தைகள் அவை. ஒரு யுகம் யோசித்தேன். இசக்கி அதைச் சரியாக ஒரு வெற்றிலை போடும் நேரம் என்பாள்.

"வெட்டுனதப் போட்டா, 'வெட்டுன மீதி எங்க'ன்னு இன்னொருத்தன் மேளத்தோட வருவான். முழுசாப் போடுல."

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்ஸ்பெக்டரிடம் கேட்டு மறுபடி ஒரு நல்லுறவுக் கூட்டம். பந்தல், நாற்காலி, பெரிய திரை எல்லாம் என் செலவு. அன்று வந்த இருநூறு பேரும் வந்தார்கள். வேடிக்கைக்கு இன்னும் இரண்டு கோடிப் பேர் வந்தார்கள். ஏட்டம்மா கடைசி வரிசையில், மகளோடு. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்றார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசப்போவதில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் கிளம்பினார்.

ராணி மஹால் அண்டாவை மேடையில் வைத்தேன். சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல் நின்றது. முத்துக்குட்டி மைக்கில், "நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் போடுதேன்" என்று மட்டும் சொன்னான். திரை ஓடியது.

முதல் கை உப்பு.

இரண்டாவது கை. யாரோ செருமினார்கள்.

மூன்றாவது கை, சிரித்துக்கொண்டு. கூட்டத்தின் நடுவிலிருந்து ரேஷன் கடை மகாலிங்கம் எழுந்தார்: "அப்படிப் போடு! நான் அன்னைக்குச் சாயங்காலம் வரை தண்ணி குடிச்சேன்டா! எம் பொண்டாட்டி நம்பவே இல்ல!"

அவ்வளவுதான். பந்தல் கிழிந்தது. "நாந்தான் அப்பவே சொன்னேன்", "எனக்கு நாக்கே மரத்துப்போச்சு", "அந்த அண்டாவுலதான் ஊத்துனாவ, ராணி மஹாலுன்னு படிச்சேன்" என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். இருநூறு சாட்சிகள்! என் சத்தியத்தை நம்பாத ஊர், தன் நாக்கை நம்பியது. அப்புறம் கஸ்பார் குரல் வந்தது. "நெறையட்டும்." எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. கஸ்பார் கேமராவுக்குள் ஏதோ தூசி தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்டா ஆவி பறக்கப் போவதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் மைக்கை வாங்கினார். கையில் எழுதிய தாள் இல்லை.

"அன்னைக்கு அண்டா கூடுதலா நிக்கிறத நானும் பாத்தேன். ஏட்டம்மா இது எதுக்குன்னு கேட்டாங்க. படம் நல்லா இருக்கும்னு நான் விட்டுட்டேன். அடுத்த நாள் பேப்பர்ல பதினாலுன்னு வந்தப்ப அன்னைக்கே மறுத்திருக்கணும். பேரு நல்லா இருக்கேன்னு அதையும் விட்டேன். தப்பு என்னோடது. ஏட்டம்மாவோடது இல்ல. மேலதிகாரிக்கு இப்பவே எழுதுறேன், உங்க எல்லார் முன்னாலயும்."

போலீஸ் மைக்கில் தப்பு என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அது நம் மைக்செட்டில் நடந்தது. கரகரப்பு துளி இல்லை. வயர் மாற்றியிருந்தேன்.

கஸ்பார் தானாக எழுந்தார். "நாளைக்குத் திருத்தம் போடுதோம்." "எத்தனாம் பக்கத்துல?" என்று ஒரு பாட்டி கேட்டாள். "அதே பக்கத்துல" என்றார்.

ஏட்டம்மா என்னிடம் வந்தார். "உப்பு கூடன்னு ஊரே சொன்னப்ப, ஒத்துக்கிடவே மாட்டேன்னீயளே அண்ணாச்சி."

"இப்பவும் ஒத்துக்கிடல. அது ஸ்லோமோஷன்ல அப்படித் தெரியுது."

அவர் சிரித்த சிரிப்பை எழுத என்னிடம் பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லை. நான் நீட்டிய தட்டிலிருந்து அவர் மகள் இரண்டு மிட்டாய் எடுத்தாள். இரண்டையும் கணக்கில் காட்டித் தின்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திருத்தம் வந்துவிட்டது. அதே பக்கம், பாதி அளவு. படம்: ராணி மஹால் அண்டாவுக்குப் பக்கத்தில் நான். சட்டம் போட்டுப் பழைய படத்துக்குக் கீழே மாட்டினேன்.

முத்துக்குட்டியின் வீடியோவைப் பழையதைவிட நான்கு மடங்கு பேர் பார்த்தார்களாம். தலைப்பு: 'மூணு கை உப்பு மாமா.' இனி இந்தப் பேரோடுதான் சாக வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஏட்டம்மா காக்கியில் கடையைக் கடந்து போனார். குழாயடிப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் வைத்தார்கள்.

ரைஸ்மில் மேனேஜர் வந்தார். ஆர்டர் போய்விட்டது என்று நானே பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எறக்குங்க அண்ணாச்சி. முதலாளி வீடியோ பாத்து விழுந்து சிரிச்சாவ. சம்பந்தி வீட்டுலயும் பாத்துருக்காவ. இந்த ஆளு சமையல்தான் வேணும்னுட்டாவ. ஒரே ஒரு நிபந்தனை. உப்புக்குத் தனியா ஒரு காவல்."

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் முடிந்தது. மூன்று லட்சம் இலை விழுந்தது. சாம்பாரை மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள், மூன்றாம் முறை காலில் விழுந்து கேட்டார்கள்.

காவலுக்கு வந்தது ஏட்டம்மா சுயம்புக்கனி. லீவு போட்டுவிட்டு, பட்டுச்சேலையில். உப்பு ஜாடிக்கு வெள்ளைத் துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்து, வழக்கில் பிடித்த தொண்டிப் பொருளுக்குச் செய்வதைப் போலவே முத்திரை குத்திக்கொண்டு வந்தார். அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நேரம் வந்ததும் முத்திரையை உடைத்து, ஒரே ஒரு கை அளந்து கொடுத்து, மறுபடி கட்டினார். முத்துக்குட்டி குச்சியோடு வந்து, "மாமா, இன்னொரு தடவை" என்று ஆரம்பித்தான். ஏட்டம்மா ஒரு பார்வை பார்த்தார். குச்சி சுருங்கி உள்ளே போய்விட்டது.

இத்தோடு இந்தக் கதையை முடிக்கிறேன். ரயில் நின்றது, பந்தல் கிழிந்தது, இரண்டு கோடிப் பேர், மூன்று லட்சம் இலை எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். இசக்கியும் நம்பவில்லை, இப்போது என் தோளுக்கு மேலே படித்துக்கொண்டு நிற்கிறாள்.

முத்துக்குட்டிக்கும் தெரியாத, திரையிலும் வராத ஒன்று மட்டும் பாக்கி. அன்று அவன் குச்சியை மாட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே, அந்த அண்டாவில் நான் ஒரு கை உப்பு போட்டிருந்தேன். அது மட்டும் உண்மை.